எல்லோருக்கும் ஒரே ஓட்டு சரிதானா? இலங்கை மலையகத்தில் நடந்ததை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "படித்தவர், படிக்காதவர், வரி கட்டுபவர், கட்டாதவர் எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு என்பது ஜனநாயகத்தின் குறை இல்லையா? குறைந்தபட்சத் தகுதி ஒன்று வைத்தால் நல்ல ஆட்சி வராதா? ஓட்டு என்பது உரிமையா, தகுதி பார்த்துத் தர வேண்டிய சலுகையா?"

இப்படிக் கேட்பவரை மேட்டிமைத்தனம் பிடித்தவர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஓட்டுக்குக் காசு வீடு வீடாகப் போவதைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்த எண்ணம் வரத்தான் செய்யும். பெரிய ஆட்களுக்கே வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில், படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு தரலாம் என்றும் சொன்னவர். நம் அரசியல் நிர்ணய சபை அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட 1949 நவம்பர் 26 அன்று பேசிய ராஜேந்திர பிரசாத், சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தகுதி எதுவும் வைக்க முடியாமல் போனதை ஒரு குறையாகவே குறிப்பிட்டார்.

இருந்தாலும் என் பதில், கூடாது என்பதுதான். வயது, குடியுரிமை இந்த இரண்டைத் தாண்டி ஓட்டுக்கு எந்தத் தகுதியும் வைக்கக் கூடாது. சொல்லப்போனால், அந்தக் குடியுரிமையையே ஒரு பரீட்சையாக மாற்றி, லட்சக்கணக்கானவர்களை அதில் தோற்கடிக்க முடியும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து போன மலையகத் தமிழர்களுக்கு அதுதான் நடந்தது. தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரிந்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1920-களில் இலங்கையில் ஓட்டு இருந்தது மக்கள்தொகையில் சுமார் நான்கு சதவீதம் பேருக்கு. எல்லோரும் ஆண்கள், படிப்பும் சொத்தோ வருமானமோ உள்ளவர்கள். 1927-ல் அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்து விசாரித்தபோது, வாக்குரிமையை விரிக்க வேண்டாம் என்று சொன்னவர்களில் அந்த நாட்டின் தலைவர்களே அதிகம். இலங்கைத் தேசிய காங்கிரஸ், மாதம் ஐம்பது ரூபாய் வருமானம் என்ற வரம்பை வைத்துக்கொள்ளலாம் என்றது. தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று கடுமையாக எதிர்த்தார். எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று துணிந்து கேட்டது ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம்தான். ஆணைக்குழு குணசிங்க பக்கம் சாய்ந்தது. 1931-ல் இருபத்தொரு வயதான ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. ஆசியாவில் அதுதான் முதல் முறை. இந்தியாவுக்கு அது வர இன்னும் இருபது வருடம் இருந்தது.

'எல்லோரும்' என்றேன். தோட்டத் தொழிலாளர் மட்டும் அதில் ஒரு படி கீழே நிறுத்தப்பட்டார்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் அழைத்துப்போன குடும்பங்கள் அவை. முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகப் போனவர்கள். 1931-லேயே பல குடும்பங்களில் இரண்டாம் தலைமுறை அந்த மலைகளில் பிறந்து வளர்ந்திருந்தது. அவர்கள் ஓட்டுப் போட வேண்டுமானால் நிரந்தரமாகத் தங்கியவர்கள் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மற்றவர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அந்த நிபந்தனையோடு கிடைத்த அரைகுறை ஓட்டே என்ன செய்தது என்று பாருங்கள். 1931-ல் அட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம், அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குப் போய்த் தொழில் அமைச்சரானார். 1936-ல் அதே அட்டனில் கோ. நடேசய்யர் வென்றார். தஞ்சாவூரிலிருந்து போன பத்திரிகையாளர், தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் கட்டியவர். தோட்டத்தை நிர்வகித்த துரைமாரின் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்க முடியாத காலம் அது. அந்தத் தோட்டங்களின் ஓட்டில் ஒருவர் சபைக்குப் போய், கூலியைப் பற்றியும் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து அறைகளைப் பற்றியும் எழுந்து நின்று கேட்டார். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். தங்களுக்காகப் பேசக்கூடியவர் யார் என்று மட்டும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. படிக்காதவருக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த அட்டன் தேர்தலைத்தான்.

1947 பொதுத் தேர்தலில், தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, இன்னும் ஐந்து பேர். தேர்ந்தெடுக்கப்பட்ட மொத்த இடங்கள் 95. தோட்டத்து ஓட்டு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குப் போய், டி. எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சியை அங்கெல்லாம் தோற்கடித்தது. வந்தது வினை. அந்த ஓட்டு வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பறிக்கும் சட்டங்கள் வரிசையாக வந்தன.

முதலாவது 1948-ன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். டி. எஸ். சேனநாயக்க பிரதமர். சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது சட்டம். உங்கள் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். பாட்டன் பிறந்ததற்குப் பதிவுச் சான்று எத்தனை பேரிடம் இருக்கும்? கண்டியில் ஒரு சிங்கள விவசாயியிடமும் இருந்திருக்காது. ஆனால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. கேள்வி தோட்டத்து ஆளுக்குத்தான்.

இரண்டாவது 1949-ன் 3-ஆம் இலக்கச் சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று ஒரு வாசல் திறந்தது போல இருந்தது. அந்த வாசலில் இருந்த நிபந்தனைகளைக் கேளுங்கள். 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் ஏழு வருடம், மணமாகாதவர் பத்து வருடம் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் தொடர்ந்து அங்கேயே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். போதிய வருமானம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருடம்தான் அவகாசம். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, அந்தி சாயும்வரை கொழுந்து பறிக்கும் ஒருவர், தன் பத்து வருட வாழ்க்கையை எதை வைத்து நிரூபிப்பார்? அவர் அங்கே இருந்ததற்கு ஏடு, வேலை நாள் பதியும் தோட்டத்துச் செக்ரோல்தான். அது துரையின் அலுவலகத்தில் இருக்கும். இடையில் பிரசவத்துக்கென்று மனைவி ஊருக்குப் போய்த் தாய்வீட்டில் நீண்ட நாள் தங்கியிருந்தால், இடைவிடாத வசிப்பு அங்கேயே கேள்விக்குறி. எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பெயரில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

மூன்றாவது, அதே 1949-ல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம். குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்றது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! எந்த நாட்டில்தான் அப்படி இல்லை? மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். 1947-ல் ஓட்டுப் போட்டு எம்.பி.க்களை அனுப்பியவர்கள், 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே (பட்டியலிலேயே) இல்லை. மலையகத் தமிழர் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒருவர் மீண்டும் பாராளுமன்றத்துக்குள் போனது 1977-ல்.

எனக்கு இன்றும் ஆறாத ஒரு விவரம் உண்டு. தொகுதிகளைப் பிரிக்கும்போது மொத்த மக்கள்தொகையை எண்ணினார்கள். நாடற்றவர்களாக்கப்பட்ட இவர்களையும் சேர்த்துத்தான். அதனால் மலைநாட்டுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தது அங்கே ஓட்டு வைத்திருந்த மற்றவர்கள். எண்ணிக்கைக்கு இவர்கள் வேண்டும், ஓட்டுக்கு வேண்டாம். தகுதி பார்த்து ஓட்டு என்ற ஏற்பாடு எங்கே கொண்டு போய் விடும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

நீதிமன்றம் காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஓர் இனத்தாருக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டம் செல்லாது என்றது. அதை நம்பி கோடகன்பிள்ளை என்பவரின் பெயரால் வழக்கு நடந்தது. இலங்கை உச்ச நீதிமன்றமும் சரி, 1953-ல் அதற்கும் மேலான முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் சரி, சட்டம் செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னன. எந்த இனத்தின் பெயரும் சட்டத்தில் எழுதப்படவில்லை, யார் குடிமகன் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பது வாதம். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே உத்திதான். கறுப்பர் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். வெள்ளையரில் படிக்காதவர்களைக் காப்பாற்ற, 1860-களில் பாட்டனுக்கு ஓட்டு இருந்திருந்தால் பேரனுக்குப் பரீட்சை வேண்டாம் என்று ஒரு விதி வைத்தார்கள். அங்கேயும் பாட்டன், இங்கேயும் பாட்டன். அந்தப் பாட்டன் விதியை 1915-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுத்தறிவுப் பரீட்சை 1965 வாக்குரிமைச் சட்டம் வரை நீடித்தது.

தமிழர்கள் ஒன்றாக நின்றார்களா என்றால், அதுவும் இல்லை. 1948 சட்டத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், அரசில் சேர்ந்து அமைச்சரான பிறகு அடுத்த மசோதாவை ஆதரித்தார். அதை ஏற்காமல் அவர் கட்சியிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சிங்களத் தலைவர்களில் என். எம். பெரேரா போன்ற இடதுசாரிகள் இந்தச் சட்டங்களைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, ஓட்டுப் போனதால் என்ன ஆயிற்று? ஆட்சி செய்பவருக்கு அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். பத்து லட்சம் பேரின் வாழ்க்கையை இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு போட்டன. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டிய நிலையில் அந்த இரண்டு தலைவர்களும் இல்லை, ஏனென்றால் இந்த மக்கள் இரண்டு நாட்டிலும் வாக்காளர்கள் இல்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை நீலகிரியில் இன்றும் பார்க்கலாம். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தாயகம் திரும்பியோர் வீடுகளில் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்த ஒரு காகிதத்தில்தான் குடும்பத்தின் பெயர்கள் எல்லாம். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று எழுதப்பட்ட குடும்பங்கள் ஏராளம்.

பிறகு நடந்ததையும் கவனியுங்கள், ஏனென்றால் அது மறுபக்கத்துச் சான்று. 1977-ல் தொண்டமான் பாராளுமன்றம் போனார், அடுத்த வருடமே அமைச்சரானார். 1980-களில் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் வந்தன. 1964 ஒப்பந்தத் தேதியிலிருந்து இலங்கையில் வாழ்பவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் குடியுரிமை என்று 2003-ல் ஒரு சட்டம் மீதியை முடித்தது. ஓட்டு பெருகப் பெருக, தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தேடி எல்லாக் கட்சியும் வந்தது. கூலியும் வீடும் இன்னும் பிரச்சினைதான். ஆனால் நாட்டை விட்டு அனுப்பிவிடலாம் என்று இனி ஒருவர் பேச முடியாது.

இப்போது இந்தியாவுக்கு வருகிறேன். நம் முதல் தேர்தல் 1951 அக்டோபரிலிருந்து 1952 பிப்ரவரி வரை நடந்தது. வாக்காளர்கள் சுமார் 17 கோடி. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 சதவீதம்தான். அதனால்தான் சின்னம், வேட்பாளருக்கு வேட்பாளர் தனிப் பெட்டி என்றெல்லாம் ஏற்பாடு. படித்த பிறகு ஓட்டு என்று காத்திருந்தால் இந்தியர்களில் ஐந்தில் நான்கு பேர் வெளியே நின்றிருப்பார்கள். அம்பேத்கர் 1919-ல், வாக்குரிமை பற்றி ஆராய்ந்த பிரிட்டிஷ் சவுத்பரோ குழுவின் முன் வாக்குரிமையை விரிக்க வேண்டும் என்றும், 1928-ல் சைமன் ஆணைக்குழுவின் முன் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்றும் வாதாடியதை இங்கே நினைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்று ஒரு சமூகத்தைத் தடுத்துவிட்டு, படிக்கவில்லை என்பதால் ஓட்டும் கிடையாது என்று சொல்வது இரட்டைத் தண்டனை.

சட்டப்படி கேட்டால், இந்தியாவில் ஓட்டு அடிப்படை உரிமை இல்லை. இதைச் சொன்ன முதல் பெரிய வழக்கே நம் நாமக்கல் வழக்குதான். வேட்புமனு நிராகரிக்கப்பட்ட என். பி. பொன்னுசாமி தொடுத்த வழக்கில், 1952-ல், ஓட்டுப் போடுவதும் தேர்தலில் நிற்பதும் சட்டம் தந்த உரிமைகள் என்றது உச்ச நீதிமன்றம். 2003-ல் ஒரு நீதிபதி, குறைந்தது அது அரசியலமைப்பு தந்த உரிமையாவது ஆகும் என்றார். 2023-ல் தேர்தல் ஆணையர் நியமன வழக்கில் நீதிபதி அஜய் ரஸ்தோகி அடிப்படை உரிமை என்றே எழுதினார். விவாதம் இன்னும் முடியவில்லை. நான் ரஸ்தோகி பக்கம். ஆனாலும் இதைவிட உறுதியான காவல் ஒன்று இருக்கிறது: அரசியலமைப்பின் 326-வது பிரிவு. வயது வந்த குடிமகனின் ஓட்டை மறுக்க அது அனுமதிக்கும் காரணங்கள் நான்குதான்: அந்த இடத்தில் வசிக்காமை, மனநலக் குறைபாடு, குற்றம், தேர்தல் முறைகேடு. படிப்பும் வரியும் அதில் இல்லை. எனவே நீங்கள் கேட்கும் தகுதியைக் கொண்டுவர அரசியலமைப்பையே திருத்த வேண்டும்.

ஓட்டுக்கு இல்லாத தகுதி, தேர்தலில் நிற்பதற்கு வந்துவிட்டது. ஹரியானா பஞ்சாயத்துத் தேர்தலில் பொதுப்பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்பும் பெண்கள் எட்டாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும் என்ற சட்டத்தை 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது தவறான தீர்ப்பு என்பது என் கருத்து. பள்ளி இல்லாத காலத்தில் வளர்ந்த கிராமத்துப் பெண்களை அது ஒரே அடியில் வெளியேற்றியது. அதே போன்ற விதியை ராஜஸ்தான் 2019-ல் நீக்கிவிட்டது.

படித்தவர்கள் நன்றாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதம் ஓட்டுப் பதிவு. மத்திய சென்னையில் சுமார் 54 சதவீதம். காசு விஷயத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே. நகர், வேலூர் என்று தேர்தலைத் தள்ளிவைக்கவும் ரத்து செய்யவும் வேண்டி வந்ததே, அங்கே காசு கொடுத்த தரப்பில் படிப்புக்கும் வரிக்கும் குறைவில்லை. வாங்கியவரை மட்டும் தகுதியற்றவர் என்பது என்ன நியாயம்? கவலை அதுவானால் கை வைக்க வேண்டிய இடம் கட்சிகளின் பணம். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரியில் ரத்தானது அந்தத் திசையில் ஓர் அடி.

இன்னொன்று. ஓட்டை யாரும் இனி 'உனக்குத் தகுதியில்லை' என்று சொல்லிப் பறிக்க மாட்டார்கள். காகிதம் கேட்டுத்தான் பறிப்பார்கள். அல்லது பறிக்க நினைக்காமலே பறிபோகும். முதல் தேர்தலில் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயரை நீக்க வேண்டியிருந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றுதான் அவர்கள் சொன்னார்கள். சொந்தப் பெயர் சொல்லவில்லை. 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று ஆணையம் விளக்கம் சொன்னது. அப்படி நீக்க வேண்டிய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்கும்தான். ஆனால் விடுபட்டவர்களின் பெயரையும் காரணத்தையும் வெளியிடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் எப்போதும் கேள்வி. மலையகத்தில் அது தொழிலாளி தலையில் வைக்கப்பட்டது, முடிவு தெரிந்ததே. உங்கள் பெயரையும், வீட்டில் வேலைக்கு வருபவர், பக்கத்துத் தெரு முதியவர் போன்றவர்களின் பெயரையும் வாக்காளர் பட்டியலில் பார்த்து, இல்லையென்றால் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்துவிடுங்கள். படித்தவர் படிக்காதவருக்குச் செய்யக்கூடிய உதவி இதில் நிறைய இருக்கிறது.

தமிழ்நாட்டு முகாம்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. 1980-களில் கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள். பாட்டன் இங்கிருந்து போனவர், பேரன் இங்கே அகதி. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. திருச்சி முகாம்களைச் சேர்ந்தவர்களின் வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ல் சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், சட்டப்படி பிறப்பாலேயே இந்தியர். முகாமில் பிறந்தவருக்கும் அது பொருந்தும். அந்த உரிமையைக்கூட நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அவர்களில் பலர் பட்டதாரிகள். நீங்கள் கேட்கும் படிப்புத் தகுதி அவர்களிடம் இருக்கிறது, ஓட்டுத்தான் இல்லை.